அரசி வேசக்காரரின் மகள்

எங்கள் அத்தான் வீட்டு விறாந்தையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. சேலை கட்டி, சவுரி வைத்து, நெற்றியில் பெரிய பொட்டிட்டு, ஒரு கையை நெஞ்சிலும் மறுகையை வானத்துக்கும் நீட்டியபடி ஓர் அரசி அழுதுகொண்டிருப்பாள். புதிதாக வருகிறவர்கள், "இது ஆர், உங்கடை அம்மாவோ?" என்று கேட்பார்கள். அத்தானுக்கு அந்தக் கேள்வி என்றால் பாயாசம் குடித்த மாதிரி. கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, "அது நான்தான்" என்பார்.

புங்குடுதீவில் கோயில் திருவிழா நாடகத்தில் இளந்தாரியாக இருந்தபோது அவர் கட்டிய வேசம் அது. பிள்ளையைப் பறிகொடுத்த அரசியாக அவர் அழ, முன்னால் இருந்த பெண்கள் எல்லாரும் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினார்களாம். திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் ஒருவர் மேடைக்கே ஏறி வந்து பவுண் சங்கிலி போட்டாராம். தொண்ணூற்றியோராம் ஆண்டு சண்டைக்குப் பயந்து தீவை விட்டு ஓடியபோது மனிசன் நெல்லு மூட்டையை விட்டார், தாயின் தையல் மெசினை விட்டார், இந்தப் படத்தை மட்டும் சாரத்துக்குள் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து வீட்டைக் கட்டியதும் முதலில் அடித்த ஆணியும் இந்தப் படத்துக்குத்தான்.

இந்த மனிசன்தான், தன் மகள் சயந்தினி பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கப்போகிறேன் என்று சொன்னதும், "பொம்பிளைப் பிள்ளைக்கு மேடையிலை என்ன வேலை?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு ஏறிய கோபம் இன்றுவரை இறங்கவில்லை.

நான் யோகம்மா. நயினாதீவுக்குப் படகு போகிற குறிகட்டுவான் இறங்குதுறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். சயந்தினியின் தாய் என்னுடைய அக்கா. புருசன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லி அறியாதவள். அவள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து நான்தான் சொல்லித் தீர்ப்பது. அதனால் அத்தானுக்கு என்னைக் கண்டால் ஆகாது.

சயந்தினி தாயைப்போல என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். வீட்டில் அவளுடைய குரல் குசினியைத் தாண்டி வந்ததில்லை. கொஞ்சம் உரத்துச் சிரித்தாலே, "பிள்ளை, றோட்டுக்குக் கேக்குது" என்று விறாந்தையிலிருந்து அத்தானின் சத்தம் வரும். அவருடைய சத்தம் றோட்டுக்குக் கேட்டால் பரவாயில்லை. அப்படி வளர்ந்த பிள்ளையைப் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டியில் பார்த்தேன். காணாமற்போன மகனைத் தேடும் தாயாக நின்று ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள், எனக்குப் பக்கத்தில் பகிடி விட்டுக்கொண்டிருந்த பெடியங்கள் அப்படியே வாயை மூடிவிட்டார்கள். அட, இந்தக் குரலை இவள் இவ்வளவு காலமும் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று நான் திகைத்துப்போனேன். உயர்தரப் பரீட்சையில் நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு ஏ எடுத்தாள். தகப்பனுடைய மகள்தானே. ஆனால் அதை அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

பெறுபேறு வந்த கிழமையே கனடாவிலிருந்து அத்தானின் தமையன் வைத்திலிங்கம் வீடியோவில் வந்தார். தீவை விட்டுப்போய் முப்பது வருசத்துக்கு மேல். ஆனால் இங்கே ஒரு கிணறு இறைப்பதென்றாலும் அவருடைய உத்தரவு வேண்டும்.

"நாடகம் படிச்சிட்டு என்ன செய்யிறது? நாளைக்குக் கலியாணம் பேசி வாறவைக்கு நாங்கள் என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டார்.

"நடிக்கத் தெரிஞ்ச பிள்ளை எண்டு சொல்லுங்கோவன்" என்றேன் நான்.

"யோகம், நீர் கொஞ்சம் சும்மா இரும்" என்றார் அத்தான்.

சயந்தினி வாதாடவில்லை. "அப்பா, எங்கை என்ன படிப்பிக்கினம் எண்டு முதல் வடிவாப் பாக்கிறன். பிறகு கதைப்பம்" என்றாள். அத்தானும், "பார், பார், ஆர் மறிச்சது?" என்று விட்டுவிட்டார். பிள்ளை களைத்துப்போய்த் தானாகவே விட்டுவிடும் என்பது அவருடைய எண்ணம். தன் மகளை அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

என் கடை வாங்கில் குந்தியிருந்துதான் அவள் தேடத் தொடங்கினாள். அவர்கள் வீட்டில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். படகுக்கு வந்த சனம் அவளைச் சுற்றி நின்று வடை தின்னும். அவள் காதில் போனை வைத்தபடி, எங்கெங்கோ படிக்கிற முன்பின் தெரியாத அக்காமாரையெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாள். முதலாம் வருசத்திலேயே மேடை ஏற்றுவார்களா? நடிப்பு மட்டுமா, நெறியாள்கையும் உண்டா? ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும்? பெண்பிள்ளைகளை உடுப்புத் தைக்கவும் மேக்கப் போடவும் மட்டும் விடுகிறார்களா? விடுதியில் இரவு வாசல் பூட்டினால் ஒத்திகைக்கு நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? அரைக் கிலோ தக்காளி வாங்குவதென்றாலும் நான் இவ்வளவு விசாரிக்க மாட்டேன்.

கொழும்பில் தனியார் இடம் ஒன்று. போனில் வந்த படங்களில் பளபளவென்று கண்ணாடிக் கட்டடம், ஒரு வருசத்தில் நடிகை ஆக்கிவிடுவோம் என்ற பேச்சு. கனடாப் பெரியப்பாவுக்குக்கூட அது கொஞ்சம் பிடித்திருந்தது, கொழும்பு என்று சொல்லிக்கொள்ளலாமே. சயந்தினி எடுத்துக் கதைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி, என்ன உயரம், என்ன நிறை, ஆள் வெள்ளையா மாநிறமா என்று கேட்டாள். என்ன நடித்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்கடை அம்மாவும் வெள்ளையோ எண்டு கேளடி!" என்று நான் கத்தினேன். மாடு வாங்க வந்தவனும் இப்படிக் கேட்கமாட்டான். சயந்தினி, "நன்றி அக்கா" என்று போனை வைத்தாள். அதோடு அந்த இடம் போயிற்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது, முகம் மலர்ந்து வந்தாள். ஆனால் ஒத்திகைகள் பின்னேரத்தில்தான் சூடுபிடிக்குமாம். அங்கே தங்கிப் படிக்கலாமே என்றால் அத்தான், "பக்கத்திலை வீட்டை வைச்சுக்கொண்டு அங்கை ஏன் தங்குவான்? கடைசி பஸ்ஸிலை வந்து சேர வேண்டியதுதான்" என்றார். கடைசி பஸ்ஸைப் பிடிப்பதென்றால் மற்றவர்கள் நடிக்கத் தொடங்கும்போது இவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். யாழ்ப்பாணம் என்றால் நாடகத்தை விட்டு வேறு ஏதாவது பாடம் படிக்க வசதி என்பதும் அத்தானின் மனதில் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

மிச்சம் மட்டக்களப்பு. அதற்கு நானும் துணையாகப் போனேன். கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் இருந்து இருந்து இடுப்பு விட்டுப்போயிற்று. போய்ச் சேர்ந்தால் ஒரு மரத்தடியில் ஒத்திகை நடக்கிறது. சயந்தினி வயதுப் பிள்ளை ஒன்று நடுவில் நிற்கிறாள். அவள் 'மாட்டன்' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னாள். படிப்பிக்கிற ரீச்சர், "காணாது, இன்னும்" என்றார். கொஞ்சம் உரத்துச் சொன்னாள். "இன்னும்." கடைசியில் அந்தப் பிள்ளை அடிவயிற்றிலிருந்து கத்திய கத்தலில் மரத்திலிருந்த காகமெல்லாம் கிளம்பிப் பறந்தது. நான் என்னையறியாமல் றோட்டைத் திரும்பிப் பார்த்தேன், யாரும் பார்க்கிறார்களோ என்று. பழக்கம் விடுமா?

சயந்தினி என் கையைப் பிடித்தாள்.

"சின்னம்மா, இஞ்சை ஒருத்தரும் அவளைச் சத்தம் போடாதை எண்டு சொல்லேல்லை" என்றாள்.

அதற்குமேல் எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கும்தான்.

வீட்டுக்கு வந்து தகப்பனுக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். என்ன பாடங்கள், யார் படிப்பிக்கிறார்கள், விடுதி எப்படி, படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள். அத்தான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மறுமொழி இருந்தது. கேள்வி முடிந்துபோன மனிசன் என்ன செய்வார்? நயினாதீவுக் கோயில் அம்மாளைக் கூப்பிட்டார்.

"நாங்கள் ஆர் தீர்மானிக்க? வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குப் போய்ப் பூக்கட்டிப் பாப்பம். அம்மாள் சொன்னாச் சரி" என்றார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம், காணி, வழக்கு எதுவானாலும் மனம் தடுமாறினால் இப்படித்தான். ஒரு பூ ஒரு முடிவுக்கு, மறுபூ மறுமுடிவுக்கு. தாளில் சுற்றிச் சந்நிதியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. எனக்கும் அம்மாளில் நம்பிக்கை உண்டு. ஆனால் இவ்வளவு நாளும் அலைந்து தேடிய பிள்ளையின் உழைப்பை ஒரு தாள் சுருளுக்குள் அடைத்த நியாயத்தை நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சயந்தினி மட்டும், "சரியப்பா, போவம்" என்றாள்.

வெள்ளை நந்தியாவட்டை வந்தால் யாழ்ப்பாணத்தில் வேறு பாடம். சிவப்புச் செவ்வரத்தை வந்தால் மட்டக்களப்பில் நாடகம். அத்தான் தன் கையாலேயே சுற்றி, தன் கையாலேயே குலுக்கி வைத்தார். நேர்த்திக்கு வந்த யாரோ ஒருவருடைய சின்னப் பெண்பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். எடுத்தாள். பிரித்தார். செவ்வரத்தை.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தான், "தாளுக்கு மேலாலை சிவப்புத் தெரிஞ்சிருக்கும். குழந்தை நிறத்தைப் பாத்து எடுத்திட்டுது" என்றார். இரண்டு தாளாகச் சுற்றி மறுபடி வைத்தார். அதே குழந்தை, மறுபடி செவ்வரத்தை. "மூண்டு தரம் பாக்கிறதுதான் முறை" என்று சொல்லி, குழந்தையை அனுப்பிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுத் தானே ஒன்றை எடுத்தார். பிரித்தவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! செவ்வரத்தை அவருடைய உள்ளங்கையில் விரிந்து கிடந்தது.

"மனம் ஒரு நிலையிலை இல்லாமல் எடுத்தனான். இதைக் கணக்கிலை எடுக்கக் கூடாது. வாற வெள்ளி திரும்ப வருவம்" என்றார்.

கோயில் வாசல் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தேன். படகில் ஏறி, செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு இருந்ததும் என்னால் முடியவில்லை.

"அத்தான், அம்மாள் மூண்டு தரம் சொல்லிப்போட்டா. இனி ஆரிட்டைக் கேக்கப் போறியள்? கனடாவிட்டையோ?"

"மெல்லக் கதையும் யோகம், சனம் பாக்குது."

"பாக்கட்டும்! நீங்கள் சேலை கட்டி மேடையிலை அழுதால் பவுண் சங்கிலி. அவள் ஏறினால் மானம் போகுதோ? அந்தப் படத்தை விறாந்தையிலை மாட்டி வைச்சுக்கொண்டு உதைச் சொல்ல உங்களுக்கு வெக்கமாயில்லையோ?"

"அது வேறை. அந்த நாளையிலை பொம்பிளையள் நடிக்கிறேல்லை. அதாலை நான் நடிச்சனான்."

"இப்ப நடிக்கினமே! அதுக்கென்ன சொல்லுறியள்?"

"ஆம்பிளை பொம்பிளையா நடிச்சால் அது கலை. பொம்பிளையே நடிச்சால்..." என்று பாதியில் விட்டார். கடலைப் பார்த்தார்.

அப்போதுதான் சயந்தினி வாய் திறந்தாள்.

"அப்பா, நான் நேற்றே விண்ணப்பத்தை அனுப்பிப்போட்டன். மட்டக்களப்பு நாடகம்தான் முதலாவது தெரிவு."

இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால், படகின் மறுதொங்கலில் இருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். எல்லாரும் திரும்பினார்கள். அத்தான் பதறிப்போய், "மெல்லப் பிள்ளை, மெல்ல" என்றார்.

"மெல்லச் சொன்னால் உங்களுக்குக் கேக்கிறேல்லை அப்பா."

அத்தானின் முகம் கறுத்துவிட்டது. "அனுப்பிப்போட்டு ஏன் இண்டைக்கு எங்களோடை வந்தனி? அம்மாளுக்கு முன்னாலை என்னை விசரனாக்கவோ?"

"இல்லையப்பா. என்ரை சொல்லைக் கேக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். அம்மாளின்ரை சொல்லையாவது கேப்பியளோ எண்டு பாக்க வந்தனான்."

அக்கா சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைச் சிந்தினாள். அத்தான் குனிந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் எறிய மனமில்லாமல் கொண்டுவந்த செவ்வரத்தை அதில் கசங்கிக் கிடந்தது. குறிகட்டுவானில் படகு கட்டியபோதும் அதை அவர் கடலில் எறியவில்லை. எனக்குச் சொல்ல அந்தப் பிள்ளை ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.