டொமைன் யார் பேருல இருக்கு?

எங்க பக்கத்துப் பட்டாசு முதலாளிக வீட்டுல ஆம்பளப் பிள்ளை பிறந்தா அவன் பேருல ஒரு லேபிளைப் பதிஞ்சிருவாக. பொம்பளப் பிள்ளைக்குப் பேரு கிடையாது, படம் உண்டு. திருத்தங்கல்ல எங்க அப்பா கம்பெனி மத்தாப்புப் பெட்டியில ரெட்டைச் சடையோட பல்லைக் காட்டுறது நான்தான். அந்த லேபிளுக்குச் சொந்தக்காரன் என் தம்பி. சின்ன வயசுல இருந்தே அந்தப் பெட்டியைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்.

விருதுநகர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சு முடிச்சதும் கம்பெனிக்கு நானே வெப்சைட் செஞ்சேன். ஒரு பக்கம் விடாம என் வேலை. டொமைன், அதான் சைட்டோட இன்டர்நெட் பேரு, அதை வாங்க மட்டும் அப்பா தம்பியை சிவகாசியில ஒரு பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினாரு. பொம்பளப் பிள்ளை வெயில்ல அலைய வேண்டாமாம். நானும் அதை நம்பினேன்.

சைட் ஏறின அன்னைக்கு, காலேஜ் லேப்ல பழகின பழக்கத்துல, லினக்ஸ்ல கறுப்புத் திரையைத் திறந்து ஹூஇஸ்னு அடிச்சு எங்க டொமைனைப் போட்டேன். ஒரு டொமைன் யாருக்குச் சொந்தம், எந்தத் தேதியில முடியும்னு அந்த ஒத்தை வரிக் கட்டளை சொல்லிரும். டயல்-அப் இழுத்து இழுத்துப் பதிலைக் கொண்டாந்து போட்டது. உரிமையாளர், தம்பி. நிர்வாகத் தொடர்பு, தம்பி. டெக்னிக்கல் தொடர்பு, அதுவும் அவனே. மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாத பய டெக்னிக்கல் தொடர்பாம்! கீபோர்டைத் தூக்கி அவன் தலையில போடலாம்போல வந்துச்சு.

அப்பாகிட்ட நேராவே கேட்டேன். அவரு கோபப்படல.

"நீ இன்னொரு வீட்டுக்குப் போறவம்மா. கம்பெனிப் பேரு நம்ம வீட்டுல இருக்கணும்ல?"

அதுக்கப்புறம் தினமும் அதே கட்டளையை அடிப்பேன். பேரு மாறியிருக்காதுன்னு தெரியும், ஆறாத புண்ணைச் சொறியுற மாதிரிதான். அப்படிப் பார்க்கப் போய்த்தான் அது முடியுற தேதி தீபாவளி சீசன்ல வருதுன்னு கவனிச்சேன். தம்பிகிட்ட சொன்னேன். "பாத்துக்கிடுதேன்க்கா"ன்னான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவனுக்குத்தான் போச்சு, அவன் மெயிலே திறக்குறதில்ல.

சீசன் உச்சத்துல சைட் நின்னுபோச்சு. வடக்க இருந்து வியாபாரிக போன் மேல போன் போட்டு, கம்பெனியை மூடிட்டீகளான்னு கேட்டாக. டொமைன் எந்த சர்வருக்குப் போகுதுன்னு காட்டுற டிக் கட்டளையை அடிச்சேன், ஒண்ணுமே வரல. ஹூஇஸ் அடிச்சேன், தேதி தாண்டிட்டதால நிறுத்தி வச்சிருக்காகன்னு தெரிஞ்சது. தம்பி திருதிருன்னு முழிச்சான். அவன்கிட்ட பாஸ்வேர்டை வாங்கிக்கிட்டு நான் உட்கார்ந்தேன். அப்பா என் நாற்காலிக்குப் பின்னாலயே நின்னாரு. புதுப்பிச்சு முடிச்சதும் உரிமையாளர் விவரத்தைத் திறந்தேன். தம்பி பேரை அழிச்சேன். என் பேரை அடிச்சேன்.

அப்பா இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பாரு. திரையில என் பேரை ஒவ்வொரு எழுத்தா வாசிச்சு முடிச்சாரு.

"இப்போதைக்கு இருக்கட்டும்மா. உன் கல்யாணத்துக்கு முன்னால மாத்திக்கிடலாம்"ன்னாரு.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நானே உட்கார்ந்து தம்பி பேருக்கே மாத்திக் கொடுத்தேன். அடுத்த வருஷம் தம்பிக்குக் கல்யாணம் ஆச்சு. அவன் பேருல இருந்த ஒண்ணையும் யாரும் மாத்தச் சொல்லல.