மேனிஃபோல்டில் ஒட்டியிருந்த துணி

எங்கும் மோதாமல் தானாக எரிந்த கார்களில் காரணம் தேடும் இன்சூரன்ஸ் சர்வேயர் நான். இருபத்தாறு வருட வேலையில் ஒரு ஃபைலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெருமைக்காக இல்லை.

குருபரப்பள்ளி அருகே ஹைவேயில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் கார் தீப்பிடித்தது. ஓட்டியவர் இறங்கித் தப்பிவிட்டார். எரிந்த வண்டிகளை நிறுத்தும் ஓசூர் யார்டில் நான் பார்த்தபோது வெறும் கூடுதான் மிச்சம். முந்தின நாள்தான் சர்வீஸ் முடிந்த வண்டி. இன்ஜின் புகை வெளியேறுகிற, ஓடும்போது கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் கருகிய துணி ஒட்டியிருந்தது. கை துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியை மெக்கானிக்குகள் உள்ளே மறந்து விடுவதுண்டு. அதில் தீப்பிடிப்பதும் உண்டு. லேபுக்கு அனுப்பியிருக்க வேண்டும். பார்த்தாலே தெரியும் என்ற திமிர் எனக்கு. போட்டோ எடுத்து, மெக்கானிக் மறந்த துணிதான் காரணம் என்று ரிப்போர்ட் எழுதிவிட்டேன்.

அந்த வண்டியில் வேலை பார்த்த மெக்கானிக் இம்தியாஸ் யார்டுக்கே வந்து நின்றான்.

"வேஸ்ட்ட எண்ணித்தான் சார் எடுப்பேன், எண்ணித்தான் திருப்பி வைப்பேன். நான் உள்ள எதையும் உடல சார்."

"எல்லாரும் இதத்தாம்ப்பா சொல்றீங்க" என்றேன்.

அவனுக்கு வேலை போயிற்று. ஓசூரில் வேறு எந்த சர்வீஸ் சென்டரும் அவனைச் சேர்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து வேறொரு வண்டிக்காகக் குருபரப்பள்ளி போனேன். ரோட்டோரம் இளநீர் விற்கிற அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். "இங்க ஒரு வெள்ள காரு எரிஞ்சுச்சுங்க. நேத்துதான் சர்வீஸ் உட்டேன்னு அந்தாளு ஒரே அழுகை. நாங்கதாங்க சாக்க நனைச்சு நனைச்சு இஞ்சின் மேல போட்டு அணைச்சோம்."

இம்தியாஸ் வேலை பார்த்த வண்டிதான் அது; மேனிஃபோல்டில் நான் பார்த்தது அந்தச் சாக்காகவும் இருக்கலாம். வண்டி எரிந்தால் இந்த ரோட்டுக் கடைக்காரர்கள் செய்வது அதுதான். நான் அந்த இடத்துக்குப் போகவும் இல்லை, யாரையும் கேட்கவும் இல்லை.

இம்தியாஸ் முன்பு வேலை பார்த்த சென்டரின் சர்வீஸ் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். "க்ளோஸ் ஆன ஃபைல் சார். இப்ப எதுக்குக் கிளறுறீங்க?" என்றார். காரை அதற்குள் ஸ்கிராப்புக்கு வெட்டியிருந்தார்கள். ஒட்டியிருந்ததும் அதோடு போய்விட்டது.

சிப்காட்டில் ஒரு குடோனில் இம்தியாஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் துணி உடலேன்னு எழுதித் தருவீங்களா சார்?"

"அது சாக்கா, வேஸ்ட்டான்னு இனிமே சொல்ல வழியில்லப்பா. காரணம் தெரியலன்னுதான் எழுத முடியும்."

"அத வச்சுக்கிட்டு யாரு சார் என் கையில ஸ்பேனர் குடுப்பா?"

அவன் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எப்படி எரிந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், யார் அணைத்தார்கள், எதைப் போட்டு அணைத்தார்கள் என்று கேளுங்கள். நான் அதைக் கற்றுக்கொண்டேன். அதனால் இம்தியாஸுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.