இல்ஃபோர்ட் குளக்கரையில் ஒரு ரொபினும் என் சுளகும்

இந்த பெப்ரவரியில் லண்டனில் கொட்டிய பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, ரெய்னர்ஸ் லேனிலிருந்து இல்ஃபோர்டுக்கு ஒரு குருவியைப் பிடிக்கப் போனேன். இதையும் பயணக் கட்டுரை என்று எழுதப் போகிறீர்களா என்று மனைவி கேட்டாள். ரயில் ஏறினேன், இறங்கினேன், நனைந்தேன், திரும்பி வந்தேன். பயணத்துக்கு வேறென்ன வேண்டும்? அதுவும் ஊரில் நடக்கும் போரின் செய்தி கேட்டுக் கேட்டு வீட்டில் யாருமே ஒழுங்காகச் சாப்பிடாத நாட்கள். தொலைக்காட்சியை அணைக்கவும் பயம், பார்க்கவும் பயம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு குருவிக்காக ஒரு நாளைச் செலவழித்தேன் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். காரணம் கடைசியில் வரும்.

குருவி என்றால் ரொபின். கிறிஸ்மஸ் கார்டுகளில் பார்த்திருப்பீர்கள்: கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவு உடம்பு, செம்மஞ்சள் நெஞ்சு, ஈர்க்கு மாதிரிக் கால். இந்த ரொபின் என் மகள் ஆரணியின் சிநேகிதம். ஆரணிக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் சீன மொழியும் இலக்கியமும் படிக்கிறாள். நான் ஓ லெவலோடு நின்று, இங்கே பெற்றோல் ஷெட்டில் வேலை பார்ப்பவன். “சீன பாஷை படிச்சு என்ன, டேக்அவே திறக்கப் போறாளோ?” என்று கேட்காத சொந்தக்காரர் எங்களுக்கு இல்லை. நானே இரண்டு தரம் கேட்டு, இரண்டு தரமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவளுக்கு ஒரு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தார்கள். பழைய சீன இலக்கியத்தில் மனிதருக்கும் பறவைகளுக்கும் இடையில் உள்ள நம்பிக்கையும் அன்பும் என்பது தலைப்பு. வெறும் புத்தகத்தை வைத்து எழுதப் பிடிக்காமல், ஒரு பறவையைத் தானே பழக்கிப் பார்க்க நினைத்தாள். சனிக்கிழமைகளில் இல்ஃபோர்டில் உள்ள சித்தி வீட்டுக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறவள், போகும் வழியில் பூங்காவில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். முதலில் ரொபின் தூரத்துக் கிளையில் இருந்து பார்த்ததாம். பிறகு அவள் சப்பாத்து நுனிவரை வந்ததாம். ஆறாவது சனிக்கிழமை கையில் ஏறி இருந்ததாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் இரண்டு பிளேட் புட்டுச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பிரச்சினை. யாரோ மீன்பிடிக்கிற ஆள் குளக்கரையில் விட்டுப்போன நைலோன் நூல் ஒன்று ரொபினின் இடது காலில் சுற்றிக்கொண்டது. ஒரு சாண் நீளத்துக்கு நூல் பின்னால் இழுபட்டது. பறவைகளைப் பராமரிக்கும் ஓர் இடத்துக்கு ஆரணி போன் பண்ணினாள். ஒரு ரொபினைப் பிடிக்க ஆள் அனுப்ப முடியாது, பிடித்துக் கொண்டுவந்தால் பார்ப்போம் என்றார்கள். நூல் இறுகினால் கால் போகும். எங்காவது சிக்கினால் தொங்கிச் செத்துவிடும் என்றும் சொன்னார்கள். கையில் வந்து இருக்கும்போது விரல்களை மூடிப் பிடிப்பது, சப்பாத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவது. இதுதான் திட்டம். பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். ரெய்னர்ஸ் லேனில் மெட்ரோபொலிட்டன் ரயில் ஏறி லிவர்பூல் ஸ்ட்ரீட், அங்கே மாறி இல்ஃபோர்ட். காத்திருந்த நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம். டே ட்ராவல்கார்ட் ஆளுக்கு ஏழரைப் பவுண். பறவைக்கு மாப்புழு ஒரு டப்பா வாங்கியிருந்தோம். அதை ஃபிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு மனைவி சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

ரயிலில் ஆரணி விரல்களை விரிப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வாய் பொத்தி இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

“கட்டுரை எந்த மட்டிலை நிக்குது, பிள்ளை?”

“நிக்குதுதான், அப்பா. போகேல்லை.”

பிறகு தானாகவே சொன்னாள். பழைய சீன எழுத்தில் உலகத்தை வெறுத்து மலைக்குப் போனவர்கள் கொக்கைப் பிள்ளைபோல வளர்ப்பார்களாம். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கடற்பறவைகளைக் கூட்டாளி என்று அழைப்பார்களாம். நெஞ்சில் சூது இல்லாதவனிடம்தான் பறவை வருமாம். ஒரு கதையில் கடற்பறவைகள் ஒருவனோடு நாள்தோறும் விளையாடுமாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு வா என்று வீட்டில் சொல்லி அனுப்பிய அன்று அவை மேலேயே வட்டமிட்டனவாம், ஒன்றுகூட இறங்கவில்லையாம்.

“ஆர் பிடிச்சுக்கொண்டு வரச் சொன்னது?”

“அப்பா.”

“என்ன?”

“உங்களை இல்லை. கதையிலை சொன்னது அவன்ட அப்பா.”

எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி பேப்பரைத் தாழ்த்திப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்தேன். ஆரணி சிரிக்கவில்லை. “நான் இண்டைக்குச் சூதோடைதானே போறன்,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் என் காலடியில் இருந்த பெரிய பையில் அவளுக்குத் தெரியாமல் ஒரு சுளகு, அதுதான் அரிசி புடைக்கிற முறம், இருந்தது. சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான்: சுளகைச் சரித்து, ஒரு குச்சியால் முட்டுக்கொடுத்து, கீழே அரிசி தூவி, குச்சியில் கட்டிய கயிற்றோடு ஒளிந்திருப்பது. பிள்ளையின் விரல் தவறினால் என் சுளகு தவறாது என்று நினைத்தேன்.

இல்ஃபோர்ட் ஸ்டேஷனிலிருந்து வடக்கே இருபது நிமிட நடையில் அந்தப் பெரிய பூங்கா. குளத்தைச் சுற்றி முட்பற்றையும் தண்ணீருக்கு மேலே சாய்ந்த மரங்களும். ஆரணி உள்ளங்கையில் நாலு புழுவை வைத்து நீட்டினாள். ரொபின் வந்தது. எதிர்ப் பற்றையில் இருந்து தலையைச் சரித்துப் பார்த்தது. நூல் ஒரு பக்கமாகத் தொங்கியது. பாதி தூரம் வந்து திரும்பிப் போனது.

“அப்பா, ஜக்கெட்டைக் கழட்டுங்கோ.”

வேலைத்தலத்தில் கொடுத்த மஞ்சள் ஜக்கெட் அது. இலவசம், நல்ல சூடு, அரை மைலுக்கு அப்பால் இருந்தும் தெரியும். கழற்றினேன். குளிருக்குப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அடுத்த தரம் ரொபின் நேரே அவள் கையில் வந்து இருந்தது. ஒரு புழுவை எடுத்தது. விழுங்கியது. இரண்டாவதையும் எடுத்தது. இப்போது மூடு, இப்போது மூடு என்று மனத்துக்குள் கத்தினேன். அவள் விரல்கள் கொஞ்சம் மடிந்தன, அதோடு நின்றன. பறவை போய்விட்டது.

“ஏன் பிடிக்கேல்லை?”

“ஏலாதப்பா. என்னைப் பாத்துக்கொண்டே சாப்பிடுது.”

மூன்று தரம் இப்படியே. நாலாவது தரம் அது கையில் இருக்கவில்லை. நிலத்தில் விழுந்த புழுவை மட்டும் பொறுக்கியது. இடது காலை ஊன்றாமல் தூக்கியே வைத்திருந்தது. அந்தக் கால் வீங்கியிருப்பது எனக்கே தெரிந்தது. நான் பையைத் திறந்தேன்.

“என்னப்பா இது?”

“சுளகு.”

“சுளகு எண்டு தெரியும். ஏன்?”

“நீ பிடிக்க வேண்டாம். சுளகு பிடிக்கட்டும்.”

அவள் சுளகைப் பார்த்தாள், பறவையின் காலைப் பார்த்தாள். திரும்பி நின்றுகொண்டாள். நான் சுளகைச் சரித்து வைத்து, புழுவைத் தூவி, கயிற்றோடு ஒரு மரத்துக்குப் பின்னால் குந்தினேன். ரொபின் இறங்கியது. ஒரு தத்தல். இன்னொரு தத்தல். சுளகின் விளிம்புக்குக் கீழே தலை போய்விட்டது.

“என்னண்ணை, சுளகு விக்கிறியளோ?”

திடுக்கிட்டுக் கயிற்றை இழுத்துவிட்டேன். சுளகு விழுந்தது, ரொபின் தப்பியது. பின்னால் பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு நம்மூர்க்காரர் நின்றார். பிள்ளை நல்ல நித்திரை.

“குருவி பிடிக்கிறன், தம்பி.”

“சமைக்கவோ?”

“சீ! காப்பாத்த.”

“நான் பரிஸிலை பதினாலு வருசம் இருந்தனான், அண்ணை. இப்பிடி ஒரு கேஸை...”

“அப்பா!” என்று ஆரணி கத்தினாள்.

ரொபின் குளத்தின் மேலே நீட்டியிருந்த கிளைக்குப் பாய்ந்திருந்தது. நூல் சுள்ளியில் சுற்றிக்கொண்டது. அது தலைகீழாகத் தொங்கி அடித்துக்கொண்டது. அடிக்க அடிக்க நூல் இறுகியது. கொஞ்சம் அடிக்கும், ஓய்ந்து தொங்கும், திரும்ப அடிக்கும். ஓய்ந்து தொங்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. கிளை கரையிலிருந்து எட்டாத தூரம்.

நான் தண்ணீருக்குள் இறங்கினேன். முதல் அடியில் முழங்கால், இரண்டாவது அடியில் அதற்கும் மேலே சேறு. சாயப் போனேன். பரிஸ்காரர் வண்டிக்குப் பிரேக் போட்டுவிட்டு ஓடிவந்து என் பெல்ட்டைப் பின்னால் பிடித்தார். “இறங்குங்கோ அண்ணை, நான் விடமாட்டன். ஆனா நீங்கள் கொஞ்சம் பாரம்தான்.”

கிளையின் நுனி கைக்கு வந்தது. மெல்ல வளைத்தேன். முறிந்தால் பறவை தண்ணீரில் விழும். கை வழுக்கினால் கிளை கவண்போல அடித்து அதன் காலைப் பிய்த்துவிடும். ஆரணியும் எனக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டாள். பறவைக்குக் கீழே உள்ளங்கையை விரித்தாள். புழு இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கை. ரொபின் அவள் விரலில் செட்டையால் அடித்தது. அவள் கையை எடுக்கவுமில்லை, மூடவுமில்லை. கொஞ்ச நேரத்தில் மற்றக் கால் அவள் விரலைத் தேடிப் பிடித்தது. அது நிமிர்ந்து நின்றது.

என் சாவிக்கொத்தில் ஒரு நகவெட்டி தொங்கும். சாவிகள் சத்தம் போடாமல் பொத்திப் பிடித்துக்கொண்டு, கிளைக்கும் காலுக்கும் இடையில் நூலை வெட்டினேன். முதல் தரம் காற்றைத்தான் வெட்டினேன். இரண்டாவது தரம் நூல் அறுந்தது. இனி அது பறக்கலாம். பறக்கவில்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது.

“காலிலை கிடக்கிறதையும் வெட்டுங்கோ,” என்றாள், உதடு அசையாமல்.

காலில் சுற்றியிருந்த நூலின் கீழே நகவெட்டியின் நுனியை நுழைத்தேன். என் கை பெற்றோல் பம்ப் பிடித்துப் பழகிய கை. ஈர்க்குக் காலை அது எங்கே கண்டது? கிளிக். இரண்டு சுற்று கழன்று விழுந்தது. உள்விரலில் ஒரு சுற்று தசைக்குள் புதைந்து மிச்சம் இருந்தது. அதற்கு நகவெட்டியைத் திருப்பினேன். இன்னொரு கிளிக். பறவை போய்விட்டது. அந்த நூல் அறுந்ததா, அதோடேயே போனதா, இருவருக்கும் தெரியவில்லை.

பரிஸ்காரர் எங்களை இழுத்துக் கரையேற்றினார். பிள்ளையின் துவாயைத் தந்து, “அடுத்த முறை மீன் பிடிக்க வாங்கோ அண்ணை, அது இதைவிடச் சுகம்,” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நல்ல மனிதர். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

ஆரணி குளக்கரை வாங்கில் உட்கார்ந்து சப்பாத்துக்குள் இருந்த தண்ணீரை ஊற்றினாள்.

“நான் பிடிச்சிருக்கலாம், அப்பா. கைக்குள்ளைதானே நிண்டது. பெட்டியிலை போட்டுக் கொண்டுபோயிருந்தா விரலும் தப்பியிருக்கும்.”

“பின்னை ஏன் பிடிக்கேல்லை?”

“தலைகீழாத் தொங்கேக்கை என்ட கையிலைதானே வந்து நிண்டது. அதைப் போய்...” சப்பாத்தை மாட்டிக்கொண்டு சொன்னாள்: “பிடிச்சாத்தான் பிழைக்கும் எண்டால் என்ன செய்யிறது எண்டு அந்தப் புத்தகங்களிலை ஒரிடமும் இல்லை.”

எனக்கும் தெரியாது. பிடித்திருக்க வேண்டும் என்று சில நாள் நினைக்கிறேன். அந்த விரிந்த கையை நினைத்தால் மாறி நினைக்கிறேன். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புரியும் என்று எழுத வந்தேன். வேண்டாம், எனக்கே முழுக்கப் புரியவில்லை. இந்த மாதம் முழுக்க ஊரில் போருக்குள் அகப்பட்ட ஒருவரையும் எங்களில் ஒருவராலும் தூக்கி எடுக்க முடியவில்லை. இந்த ஒன்றாவது தப்பியதா என்று அறிய வேண்டும்போல இருக்கிறது. அவ்வளவுதான்.

அதன்பிறகு மூன்று சனிக்கிழமைகள் போனோம். வேறு ரொபின்கள் இருந்தன. அது வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், கூட்டம் குறைவு. முழங்கால் வரை சப்பாத்து போடுங்கள். மஞ்சள் உடுப்பு வேண்டாம். உப்புப் போட்ட மிக்சரைப் பறவைக்குக் கொடுக்க வேண்டாம். நான் கொடுக்கப் பார்த்துப் பேச்சு வாங்கினேன். மாப்புழு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும்; வீட்டில் சொல்லிவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். கரையில் நைலோன் நூல் கண்டால் குனிந்து பொறுக்கி உங்கள் பொக்கற்றில் போடுங்கள். கையை நீட்டினால் அசையாமல் நில்லுங்கள், வரும் வரைக்கும்.

இடது காலில் உள்விரல் கறுத்ததோ இல்லாததோ ஆன ஒரு ரொபின் உங்கள் கையில் வந்து இருந்தால், படம் எடுக்க அவசரப்படாதீர்கள். கால் எப்படி இருக்கிறது, ஊன்றி நிற்கிறதா என்று மட்டும் பார்த்து, இங்கே கீழே பின்னூட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதுவதையெல்லாம் இதுவரை வாசிக்காத ஆரணி, இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.