ஆறு மணிக்குப் படுத்துக்கொண்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும். ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் போய்த் தண்ணீர் குடித்து வந்து பார்த்தாலும் பாதிப் படம்தான் வந்திருக்கும். உள்ளே எதுவோ கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். ஏழேகால், ஏழரைக்குத் தானாகவே தெளிந்துவிடும்.

நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற பிள்ளை. கேஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி வருவேன். அப்பா வருவதற்குப் பத்து நிமிடம் தாமதமானால் தறியில் கை மாட்டியிருக்கும் என்று முடிவு கட்டிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்குத் தினமும் ஆறு மணிக்கு மூச்சு வாங்குகிற ஒரு கம்ப்யூட்டர் வாய்த்தால் எப்படி இருக்கும்.

அதற்குக் காரணமும் இருந்தது. அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு, டவுனில் மூன்று மாதம் டிசைன் வகுப்புக்குப் போய்வந்திருந்தாள். திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கிற ஒரு பட்டறையில், பன்னிரண்டு டிசைன் போட்டுக் கொண்டுவந்து காட்டினால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி போட்ட புலி, சைக்கிள் ஓட்டுகிற மயில் என்று ஏழு முடிந்திருந்தது. கம்ப்யூட்டர் போனால் டிசைன் போச்சு. டிசைன் போனால் வேலை போச்சு. வேலை போனால் அக்காவைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். வெள்ளக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகத்தைப் பெரியப்பா ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

பெரியப்பா அடுத்த வீடு. தறிக்குடோன் அவருடையது. அப்பா அதில்தான் தறி ஓட்டினார். அதனால் எங்கள் வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்பதில் பாதியைப் பெரியப்பா சொல்வார். மீதியை அவர் சொல்வாரே என்று அப்பாவே முன்கூட்டிச் செய்துவிடுவார். பெரியப்பா மகன் அந்த வருடம்தான் இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்திருந்தான். காலேஜ் பஸ்ஸில் வந்து இறங்கி, ஆறு மணிக்கு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்வான். கார் ரேஸ். கார் மாட்டுவண்டி போல ஊர்ந்து, நடுரோட்டில் நின்று, திடீரென்று சுவரில் இருக்கும்.

பொங்கல் கழிந்த வாரமே பெரியப்பா கேட்டுவிட்டார். “அம்மணி, நீதான் படிச்சு முடிச்சிட்டியே. அந்தக் கம்ப்யூட்டர நம்மூட்டுக்குக் கொண்டுபோய் வெச்சுக்கறோம். பையனுக்குக் காலேஜுக்கு ஆகும்” என்றார்.

“ஆகட்டுங்க பெரியப்பா” என்றாள் அக்கா. “ஆகட்டுங்கண்ணா” என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. ஆகட்டுங்க என்போம். அதற்கப்புறம் அது ஆகாது. எப்படியோ ஆகாமல் போய்விடும். இது பெரியவர்களுக்குத் தெரிந்த கணக்கு. பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியாது. ஆகட்டும் என்றால் ஆகும் என்றே நினைத்திருந்தேன்.

ஆனால் அந்த மாதத்திலிருந்துதான் கம்ப்யூட்டருக்குச் சீக்கு வந்தது. “இதைத் தூக்கிட்டுப் போயி என்ன பண்றதுங்கப்பா, நவுரவே மாட்டீங்குது” என்று இன்ஜினியரிங் படிக்கிற அந்த அண்ணனே சொல்லிவிட்டான். “செரி, ரிப்பேர் ஆகட்டும், பார்த்துக்கலாம்” என்று பெரியப்பாவும் விட்டுவிட்டார். ஒரு மாதம் அந்தப் பேச்சே இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, நானும் அந்தக் கவலையை விட்டுவிட்டு அடுத்த கவலையை எடுத்துக்கொண்டேன்.

வைத்தியம் பார்க்காதவர்கள் இல்லை. அண்ணனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ரெஃப்ரெஷ். மவுஸின் வலது பொத்தானை அமுக்கி ரெஃப்ரெஷ், மறுபடி ரெஃப்ரெஷ் என்று கோயில் சுற்றுவது மாதிரி எண்ணிக்கொண்டே சுற்றுவான். அப்பாவுக்கு எந்த மின்சார நோவும் எர்த்தில் போய்த்தான் முடியும். ஒரு குடம் உப்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் இருந்த எர்த்துக் குழியில் ஊற்றினார். “இப்பப் பாரு சாமி” என்றார். பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அம்மா மானிட்டரின் நெற்றியில் திருநீறு பூசினாள்.

எனக்குப் பஞ்சின் மேல்தான் சந்தேகம். தறிக்குடோனிலிருந்து பறந்து வருகிற பஞ்சு எங்கள் சோற்றிலேயே கிடக்கும்போது கம்ப்யூட்டரை மட்டும் விடுமா. ஒருநாள் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, சைக்கிள் பம்ப்பை வைத்து அடித்தேன். பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சு வந்தது. சந்தோஷமாக ஆறு மணிக்காகக் காத்திருந்தேன். ஆறு மணிக்குச் சரியாகப் படுத்துக்கொண்டது.

இத்தனைக்கும் அக்கா ஒன்றுமே செய்யவில்லை. ஒரு கவலையும் இல்லாமல் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் அவள் உட்கார்ந்தால் அதே கம்ப்யூட்டர் ஓடும் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்குக் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். அந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“எப்ப ஸ்லோவாகுது?”

“சாயங்காலமானாங்க.”

“சாயங்காலம்னா நான் எங்கன்னு தேடறது? காய்ச்சல்னா எப்ப வருதுன்னு டாக்டர் கேக்க மாட்டாங்களா? சரியா மணியப் பார்த்து எழுதிட்டு வா.”

மூன்று நாள் எழுதிக்கொண்டு போனேன். ஆறு, ஆறு, ஆறு. அந்த அக்கா சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “மெஷினுக்கு எப்படிம்மா ஆறு மணின்னு தெரியும்? யாரோ சொல்லியிருக்கணும். உங்கூட்டுல வைரஸ் தேடற சாமான் போட்டிருப்பீங்க. டெய்லி ஆறு மணிக்குப் பொட்டி பூராவும் தேடுன்னு அதுல நேரம் வெச்சிருக்குது. பழைய மெஷினு, தேடிட்டே வெளையாடச் சொன்னா எங்க வெளையாடும்?” கீழே மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் எதைத் திறக்க வேண்டும், எந்த டிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்தே கொடுத்தார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அம்மாவும் அக்காவும் முருகன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்தேன். அவர் வரைந்திருந்தபடியே இருந்தது. தினமும், மாலை ஆறு மணி. டிக்கை எடுத்தேன். ஆறு மணி ஆனது. ஒரு முனகல் இல்லை. அண்ணன் வந்து உட்கார்ந்தான். கார் பறந்தது. அவன் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான்.

“ஏய் பாப்பா, என்னடி பண்ணுன?”

நான் சொல்லவில்லை. தொழில் ரகசியம் என்பதைப் போல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் கவலையே இல்லாமல் இருந்த அரை மணி நேரம் என்றால் அதுதான். கோயிலிலிருந்து வந்த அக்கா, செருப்பைக் கழற்றாமலே திரையில் பறக்கிற காரைப் பார்த்தாள். அண்ணன் எழுந்து “அப்பா, அப்பா” என்று அவர்கள் வீட்டைப் பார்த்து ஓடினான்.

“நாந்தான் சரி பண்ணுனேன்” என்றேன்.

அக்கா என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனாள். எல்லாவற்றையும் சொன்னேன். வரைந்த தாளையும் காட்டினேன். அவள் தாளை மடித்துக்கொண்டே கேட்டாள். “ஆறு மணின்னு யாரு வெச்சிருப்பாங்கன்னு நெனச்ச?”

“அதுவே வெச்சுக்கிச்சுன்னு நெனச்சேன்.”

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு மணி என்று வைத்தது அவள்தான். “மறுபடியும் ஆறு மணிக்கே வெச்சர்றேங்க்கா. இப்பவே வெச்சர்றேன்” என்று அழுதேன்.

“வேண்டாம் கண்ணு, உடு” என்றாள். “எனக்கும் நடிச்சு நடிச்சுச் சலிச்சுப்போச்சு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா வந்தார். துணி ஏற்றுகிற வேன் வாசலில் நின்றது. “ஏம்ப்பா, அந்த மானிட்டர எடு. பையன் பொட்டிய எடுத்துக்குவான்” என்றார் அப்பாவிடம். அப்பா ஒயர்களைப் பிடுங்கிவிட்டு மானிட்டரைத் தூக்கினார். அந்தக் காலத்து மானிட்டர், பின்னால் பெரிய கூடு வைத்தது. நெல்மூட்டையைத் தூக்குகிற மாதிரி வயிற்றோடு அணைத்துத்தான் தூக்க முடியும்.

அக்கா கதவு நிலையில் வந்து நின்றாள். “அது இங்கியே இருக்கட்டுங்க பெரியப்பா.”

பெரியப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. “என்ன அம்மணி?”

எனக்கு உயிரே போய்விட்டது. நான் ஓடிப்போய் நடுவில் நின்று, “அது மறுபடியும் கெட்டுப்போச்சுங்க பெரியப்பா. நேத்து இருந்து நவுரவே மாட்டீங்குது” என்றேன்.

“கெட்டுப்போகலீங்க” என்றாள் அக்கா. “நல்லா ஓடுதுங்க. அதனாலதான் தரமாட்டேங்கறனுங்க.”

“அன்னிக்கு ஆகட்டும்னு சொன்னயே.”

“அன்னிக்குச் சொன்னது பொய்யிங்க.”

தறிக்குடோனில் ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அதனால் அந்த வார்த்தை எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. பெரியப்பா ஒரு சிரிப்புச் சிரித்தார். “இதென்ன அம்மணி, எடுத்தெறிஞ்சு பேசற. பொட்டப்புள்ள, நாளைக்கு இன்னொரு ஊட்டுக்குப் போறவ. உனக்கு என்னத்துக்குக் கம்ப்யூட்டரு?”

“டிசைன் போடறதுக்குங்க. ஒம்பது முடிஞ்சுதுங்க. இன்னும் மூணு இருக்குதுங்க.”

“செரி, அந்த மூணையும் முடிச்சுப்போட்டுக் குடு.”

“முடிச்சப்பறமும் தரமாட்டனுங்க பெரியப்பா.”

இதில் ஒரு ‘ங்க’ குறையவில்லை. குரலும் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் அடக்கியிருப்பார், அழுதிருந்தால் சமாதானம் சொல்லி எடுத்துக்கொண்டு போயிருப்பார். இத்தனை மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பி, “ஏம்ப்பா, நீயாவது சொல்றதுதானே” என்றார் அப்பாவிடம்.

அப்பா இன்னும் மானிட்டரை அணைத்தபடி நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது. வாசலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “கனமா இருக்குதுங்கண்ணா” என்று சொல்லி, அதை இருந்த இடத்திலேயே திரும்ப இறக்கி வைத்தார். வைத்துவிட்டு ஒயரை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். எந்த ஒயர் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் மாட்டிக்கொண்டே இருந்தார்.

“காப்பி குடிச்சுட்டுப் போங்க பெரியப்பா” என்றாள் அக்கா.

அவர் குடிக்கவில்லை. வேன் காலியாகப் போனது. அண்ணன் போகிற போக்கில் என்னைப் பார்த்து, “பெரிய இன்ஜினியரு” என்றான்.

திங்கட்கிழமை அப்பாவைத் தறிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் இரண்டு மைல் தள்ளி வேறொரு குடோனுக்கு சைக்கிளில் போக ஆரம்பித்தார். பெரியப்பா வீட்டிலிருந்து மோர் வருவது நின்றது. வெள்ளக்கோவில் ஜாதகப் பேச்சும் நின்றது. இத்தனையும் ஒரு டிக்கை எடுத்ததால் வந்தது என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டதற்குக் காரணம் வேறு. ஆனால் அதுகூட இதற்கான தண்டனைதான் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அப்பா மட்டும் அந்த சைக்கிளில் சீட்டி அடித்துக்கொண்டு போய் வந்தார். அதற்கு முன்னால் அவர் சீட்டி அடித்து நான் கேட்டதில்லை. கவலையில் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அதற்கும் பயந்தேன்.

அடுத்த மாதம் பன்னிரண்டு டிசைனும் முடிந்தது. அக்கா அவற்றை சிடியில் ஏற்றி, தாளிலும் அச்செடுத்துக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட அம்மாவும் நானும் கூடப் போனோம். பெரிய வீதி வழியாகப் போனால் பெரியப்பா வீட்டு கேட்டைத் தாண்ட வேண்டும். அவர் அந்நேரம் வாசலில் சேர் போட்டுப் பேப்பர் படிப்பார். “குடோன் சந்துல போயிரலாம்மா, யாரும் பார்க்க மாட்டாங்க” என்று நான் காதோடு சொன்னேன். அதுவரை அம்மா அந்தச் சந்தில்தான் போவாள், வருவாள்.

அம்மா பெரிய வீதியில் நடந்தாள். பெரியப்பா கேட்டுக்கு நேராக வந்ததும் நின்றாள். அக்காவின் துப்பட்டாவை எடுத்து மறுபடியும் மடித்துப் போட்டாள். அது முன்பே ஒழுங்காகத்தான் இருந்தது. “டிசைனெல்லாம் எடுத்துக்கிட்டியா அம்மணி?” என்று கேட்டாள். வீதிக் கோடி வரைக்கும் கேட்கிற குரல். அக்கா எடுத்துக்கொண்டேன் என்றாள். அம்மா இன்னொரு தடவை கேட்டாள். உள்ளே பேப்பர் புரட்டுகிற சத்தம் நின்றது. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. “பன்னெண்டும் எடுத்துக்கிட்டியா?” என்று மூன்றாவது தடவையும் கேட்டாள்.

அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று அன்று முழுக்க நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.