எட்டு நிமிட வீடியோ

குடும்ப மருத்துவத்தில் பட்டம் வாங்கி ஜீவனஹள்ளி கிளினிக்கில் உட்கார்ந்த முதல் வருடம் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அதனால் தொம்மலூரில் சனிக்கிழமைதோறும் எங்களைப் போன்ற புது டாக்டர்களுக்கு நடக்கும் வகுப்பு ஒரே எரிச்சல். ஆறு பேர் வட்டமாக உட்காருவோம். நோயாளியின் சம்மதத்தோடு, அவரைப் பரிசோதித்ததை வீடியோ எடுத்து வந்து மற்றவர்கள் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வகுப்பு.

என் முறை வந்தபோது பெருமையாகத்தான் போட்டேன். வைட்ஃபீல்டில் ஓர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் அம்மா, ஐம்பது வயது, சுகர். எட்டே நிமிடம். ரிப்போர்ட், பிரஷர், பாதம் எல்லாம் பார்த்து மாத்திரையையும் மாற்றிக் கொடுத்திருந்தேன். கைதட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

"ஸ்வல்ப, கொஞ்சம் நிறுத்துப்பா," என்றாள் வட்டத்தில் எனக்கு எதிரே இருந்த கோலார்க்காரி. "பின்னாடி போ. அந்தம்மா கையைப் பாரு."

அந்த அம்மாவின் கை முந்தானைக்கு அடியில் இடது மார்புப் பக்கம் போகிறது. "அப்புறம் டாக்டரம்மா..." என்று ஆரம்பிக்கிறார். நான் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே, "தினமும் நடக்கிறீங்களா?" என்கிறேன். கை இறங்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கை, அதே "அப்புறம்". அதற்குள் நான், "அடுத்த மாசம் வாங்க," என்றுவிட்டேன்.

"அவங்க ஏதோ சொல்ல வந்தாங்க. நீ விடவே இல்ல," என்றாள் அவள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளிய க்யூ நிக்குது. நீ வந்து உட்கார்ந்து பாரு, தெரியும்!" என்று கத்தினேன். மறுபடி போட்டார்கள். மூன்றாவது தடவை அந்தக் கை இறங்கியபோது நானே வீடியோவை நிறுத்தினேன்.

திங்கட்கிழமை காலை அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஐயோ, சுகர் ஏறிடுச்சா?" என்று பதறினார்.

"இல்லம்மா. அன்னைக்கு நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க, நான் கேக்கல. தப்பு என்னோடது. ஒரு தடவ வாங்க."

"ஷிஃப்ட் முடிஞ்சு வர்றேன்," என்றார்.

வந்தார். "சொல்லுங்கம்மா," என்றதோடு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எத்தனை கஷ்டம் என்பது என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

"மார்ல ஒரு கட்டி. ரெண்டு மாசமா இருக்கு. வலிக்கல, அதான் விட்டுட்டேன். அன்னைக்கு சொல்லலாம்னுதான் வந்தேன், நீங்க அவசரத்துல இருந்தீங்க."

டெஸ்ட் எடுத்ததில் புற்றுநோய்தான். ஆனால் சின்னக் கட்டி, வேறெங்கும் பரவியிருக்கவில்லை. ஆபரேஷன், மருந்து, கொட்டிய முடி, திரும்ப முளைத்த முடி என்று ஒரு வருடம் ஓடியது. இப்போது பழையபடி வைட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகிறார். நல்லவேளை அந்தக் கோலார்க்காரிக்குக் கண் இருந்தது. திரும்பக் கூப்பிட எனக்கும் புத்தி இருந்தது. அதில் எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

இந்த வருடம் அதே வகுப்பில் புதிதாகச் சேர்ந்த டாக்டர்களுக்கு ஏதாவது காட்டச் சொன்னார்கள். என்னிடம் நல்ல வீடியோக்கள் எத்தனையோ உண்டு. நான் அந்த எட்டு நிமிடத்தைத்தான் காட்ட நினைத்தேன். செக்கப்புக்கு வந்த அம்மாவிடம் அனுமதி கேட்டேன்.

"தாராளமா காட்டுங்க. ஆனா அதோட நிறுத்தாதீங்க. போன் பண்ணி தப்பு என்னோடதுன்னீங்கள்ல, அதையும் சொல்லுங்க. எந்த டாக்டர் அப்படிச் சொல்றாங்க?"

அவர் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி மருந்துச் சீட்டை அடிக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்புறம் டாக்டரம்மா..."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். இந்த முறை மருமகள் கதை. பன்னிரண்டு நிமிடம் ஓடியது. வெளியே க்யூ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.