மூன்று கம்பெனியும் ஓணத்துப் பூவும்

போன வாரம் தங்கச்சி பகவதி போன் பண்ணினாள்.

“அண்ணே, எங்க கம்பெனிக் கதைய உங்க பத்தியில எழுதுங்க. கம்பெனி பேர மட்டும் போட்டிராதிங்க.”

“எதுக்கு மக்கா? நீ பட்டது போதாதா?”

“இன்னொருத்தரு படக்கூடாதுல்லா... அதுக்குத்தான்.”

எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பூ சமாசாரமும்தான்.

பகவதியும் அவள் கணவர் தாணுவும் வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, தோவாளையில் பூ ஏற்றுமதி ஆரம்பித்தார்கள். விடியற்காலையில் சந்தையில் பூ வாங்கி, தரம் பிரித்து, ஐஸ் வைத்துப் பெட்டியில் அடைத்து, வேனில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் துபாயில் ஒரு மலையாளிப் பெண் அதே பிச்சிப்பூவைத் தலையில் வைத்திருப்பாள். நினைத்தாலே அதிசயம்தான், இல்லையா?

ஆரம்பத்தில் எல்லாம் கையெழுத்து. தொழில் வளர்ந்ததும் கம்ப்யூட்டர் வந்தது. பெட்டிக்கு ஒட்டும் லேபிள், விமானக் கம்பெனிக்கான காகிதம், கஸ்டம்ஸுக்கு ஆன்லைனில் போகவேண்டிய விவரம், பூவில் பூச்சி இல்லை என்ற சான்றிதழ் – எல்லாமே ஒரு சர்வருக்குள். அது நின்றால் பெட்டி நிற்கும். அவ்வளவுதான் கணக்கு.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஜெனிட்டா என்று ஒரு பெண். கடற்கரைக் குடும்பம். மஸ்கட்டில் பெரிய கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவள். சிஸ்டம் வாங்கும் முன்பே அவள் சொல்லியிருக்கிறாள் – “அக்கா, ஒரே கம்பெனிக்காரன் மெஷினும், டேட்டா சேமிக்குத பெட்டியும், அதுல ஓடுத சாஃப்ட்வேரும் சேத்துப் பொருத்தி, டெஸ்ட் பண்ணி, மொத்தமாத் தருவான். அத வாங்குவோம். வெல கூடத்தான். ஆனா ஒண்ணு நின்னுச்சுன்னா ஒருத்தன்கிட்ட கேட்டாப் போதும்.”

தாணுவுக்கு அது பிடிக்கவில்லை.

“மீனும் துணியும் ஒரே கடையிலயா வாங்குதோம்? ஒருத்தன்கிட்டயே மாட்டினா, நாளைக்கு அவன் வெச்சதுதான் வெல. எது எங்க கொறச்சலோ அங்க வாங்கணும்.”

“சாமான் வாங்கினா நாம வீட்டுல சமைச்சிக்கிடலாம் அண்ணே. இத சமைக்கது யாரு?” என்றாள் ஜெனிட்டா.

தாணு சிரித்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பயமும் நியாயமானதுதான். நம்மில் யார்தான் மூன்று கடை ஏறி இறங்காமல் ஒரு பொருள் வாங்குகிறோம்?

ஆக, சர்வர் ஒரு கம்பெனி. சாஃப்ட்வேர் இன்னொரு கம்பெனி. நெட்வொர்க் மூன்றாவது ஆள். ரொம்ப நாள் நன்றாகவே ஓடியது.

பிறகு ஓணம் வந்தது.

பூ வியாபாரிக்கு வருஷத்தில் அதுதான் அறுவடை. “பூப் பெட்டி கட்டுத கூடத்தப் பாக்க வாங்க அண்ணே, கண்ணு கொள்ளாது” என்று பகவதி கூப்பிட்டாள். ஓணத்துக்கு முந்தின நாள் நாகர்கோவிலிலிருந்து காலை பஸ் பிடித்துப் போனேன்.

உண்மையிலேயே கண் கொள்ளவில்லை. ஒரு பக்கம் கேந்தி என்கிற செண்டுமல்லி, மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குவியல். ஒரு பக்கம் வாடாமல்லி. அரளி, சம்பங்கி, பிச்சி... நடுவில் வரிசையாகப் பெண்கள், பேச்சும் சிரிப்புமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு முன் வேன் கிளம்ப வேண்டும். வழியில் மார்த்தாண்டத்து நெரிசலை நினைத்தால் இன்னும் சீக்கிரமே.

உள்ளே ஜெனிட்டா கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் சாஃப்ட்வேர் கம்பெனி தானாகவே ஒரு அப்டேட் அனுப்பியிருந்தது. அதிலிருந்து சர்வர் எதையும் எழுதவும் இல்லை, வாசிக்கவும் இல்லை.

மூன்று கம்பெனிக்காரர்களையும் ஒரே போன் காலில் இணைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

சர்வர்காரர் சொன்னார்: “மேடம், எங்க மெஷின்ல எல்லா லைட்டும் பச்சை. ஹார்டுவேர் பக்கா. சாஃப்ட்வேர்ல கேளுங்க.”

சாஃப்ட்வேர்காரர் சொன்னார்: “இதே அப்டேட் மத்த கஸ்டமர் எல்லாருக்கும் ஓடுது மேடம். உங்க டிஸ்க்தான் ஸ்லோ.”

நெட்வொர்க்காரர் சொன்னார்: “லைன் கிளியர்.”

திரும்பவும் சர்வர்காரர். திரும்பவும் சாஃப்ட்வேர்காரர். மூவரும் மரியாதையானவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை... மூன்று உண்மைகள் சேர்ந்தும் ஒரு லேபிளைக்கூட அச்சடிக்க முடியவில்லை.

“அப்பம் பிரச்சினை யாருக்கு சார்?” என்று ஜெனிட்டா கேட்டாள்.

“செக் பண்ண ஆள் அனுப்புறேன் மேடம்” என்று மட்டும் சொன்னார் சர்வர்காரர்.

“கையால எழுதிக் குடுத்தா ஏர்போர்ட்டுல எடுக்க மாட்டாவளா?” என்று நான் கேட்டேன்.

பகவதி தலையை ஆட்டினாள். “பெட்டி நம்பர், ஆர்டர், சான்றிதழ்... எல்லாம் அதுக்க உள்ளதான் கெடக்கு அண்ணே.”

பெண்களுக்கு மூத்தவரான தங்கம்மாள் வாசலில் வந்து நின்றார். “அம்மா, பூவு சூடாவுது.”

குவித்து வைத்த பூ தானே வெந்துபோகும் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அன்றுதான் தெரிந்தது. கேந்திக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. குளிர் அறையில் இருக்கிற இடம்வரை அடுக்கினார்கள். மீதியைத் தரையில் பரப்பி விசிறி போட்டார்கள். கூடத்தில் சிரிப்பெல்லாம் நின்றுபோயிற்று.

வேன் டிரைவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். பிறகு வரவில்லை.

திருநெல்வேலியிலிருந்து சர்வர் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்து சேரும்போது விமானம் போய்விட்டது. அவர் நல்ல மனுஷர். சாஃப்ட்வேர்காரரிடம் தானே போனில் பேசி, கடைசியில் கண்டுபிடித்தார். சர்வருக்குள் அதன் சொந்த இயக்கத்துக்கென்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் உண்டாம். அது பழசு. புது அப்டேட்டுக்குப் புதுசு வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை. ஏன் சோதிக்க வேண்டும்? அது அவர்கள் வேலை இல்லையே.

சரிசெய்ய ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. லேபிள்கள் சடசடவென்று அச்சாகி விழுந்தன. எடுக்க யாரும் நகரவில்லை.

தாணு ஒரு ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பகவதி அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உள்ளூரிலேயே விற்றுவிடலாம் என்றால், சந்தைக்கு வந்த கேரள வியாபாரிகள் காலையிலேயே போய்விட்டார்கள். கோயில்களுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். மீதியை வேனில் ஏற்றி, வயல் ஓரம் கொட்டிவிட்டு வந்தார்கள்.

துபாய்க் கடைக்காரரிடம் பகவதி கெஞ்சினாள். நாளை விமானத்தில் கட்டாயம் அனுப்புகிறோம் என்றாள். அவர் கோபப்படவில்லை.

“ஓணம் கழிஞ்ஞிட்டு பூ எந்தினா சேச்சி?”

ஓணம் முடிந்த பிறகு பூ எதற்கு? நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் கேட்ட எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது.

ரோடு போட்டவர் ரோட்டைச் சரியாகப் போடுகிறார். குழாய்க்காரர் மறுநாள் அதைச் சரியாகத் தோண்டுகிறார். கேபிள்காரர் சரியாகக் கேபிள் இடுகிறார். பள்ளத்தில் விழுந்தவன் மட்டும்தான் எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறான். நம் நாட்டில் துண்டு துண்டாக எல்லாம் சரி. முழுசுக்குத்தான் ஆள் இல்லை.

அந்த வாரமே தாணு ஜெனிட்டாவைக் கூப்பிட்டார். “நீ சொன்னதையே வாங்கிருவோம்.”

வந்தது. மெஷினும் சாஃப்ட்வேரும் சேர்ந்த ஒரே சிஸ்டம். ஒரே பகலில் நிறுவிவிட்டார்கள். அப்டேட் எது வந்தாலும் முதலில் அவர்கள் இடத்தில் இதே மாதிரி மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஒரு நாள் அவர்களே போன் பண்ணி, “உங்க டிஸ்க் ஒண்ணு போகப்போகுது, ஆள் அனுப்புறோம்” என்றார்களாம். வந்து மாற்றினார்கள். வேலை ஒரு நிமிஷம் நிற்கவில்லை.

ஆனால் வேலை எங்கே இருந்தது? துபாய்க்காரர் வேறு ஊர்க்காரரிடம் பூ எடுக்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும். “அடுத்த ஓணத்துக்குப் பாக்கலாம்” என்றிருக்கிறார்கள். அதற்கு அர்த்தம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தங்கம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும்தான் மிச்சம். ஜெனிட்டா திருவனந்தபுரத்தில் ஒரு ஐடி கம்பெனிக்குப் போய்விட்டாள். போகும்போது அழுதாளாம்.

பகவதி போன் பண்ணிய மறுநாள் தோவாளைக்குப் போனேன். சிஸ்டம் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இளங்குரல், அக்கறையான குரல்.

“மேடம், உங்க சிஸ்டத்தை நாங்க இங்கிருந்து கவனிச்சிட்டே இருக்கோம். சில மாசமா அதுல வேலை லோடு ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஏதாவது பிரச்சினையா?”

பகவதி காலியான கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“மெஷினுக்கு ஒண்ணுமில்ல மக்கா. அது நல்லாத்தான் இருக்கு.”

நல்ல சிஸ்டம்தான். ஒரு ஓணம் முந்தி வந்திருக்கலாம்.