நூற்றொன்றாவது ரொட்டி

சந்தனமேரிக்கு அந்தோனியார் மேல் இருந்தது பக்தி என்று சொன்னால் அது பாதிதான் சரி. மீதிப் பாதி சண்டை. மரக்காணம் உப்பளத்தில் இருபத்து நாலு வருஷமாக உப்புக்கூடை சுமக்கிறவள். மேஸ்திரியிடம் மல்லுக்கு நின்று பழகிய வாய், புனிதரிடம் மட்டும் மூடிக்கொள்ளுமா? "காணாப்போனதைக் கண்டுபுடிச்சுக் குடுக்கிறவருன்னு பேரு மட்டும் பெருசா இருக்குது. என் செருப்பு எங்கே?" என்று கோயிலில் சுரூபத்துக்கு நேராக நின்று கேட்டவள்.

மகள் லிடியாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை என்றபோதுதான் அந்த வாய் தணிந்தது. "ஒரு புள்ளையக் குடுத்துடு சாமி. என் கையாலயே நூத்தியோரு ரொட்டி பிசைஞ்சு போடறேன். ஒண்ணுகூட மிஞ்சாது."

பெண் குழந்தை பிறந்தது. சந்தனமேரிக்குச் சந்தோஷத்தைவிட பயம் பெரிதாக இருந்தது. ஒரு ரொட்டி மிஞ்சினாலும் நேர்ச்சை குறை, குறை குழந்தை தலையில் விடியும் என்று நம்பினாள். எந்த வேதத்திலும் இல்லாத சட்டம், அவளே போட்டது.

செவ்வாய்க்கிழமை பூசை முடிந்ததும் மந்திரித்த ரொட்டி கொடுப்பது அந்தக் கோயில் வழக்கம். மற்றவர்கள் கடையில் வாங்கி வருவார்கள். இவள் விடியற்காலையில் பஷீர் பாய் பேக்கரியில் போய் நின்றாள். பாய் மாவும் ஈஸ்டும் உப்பும் அளந்து கலந்து வைத்துவிட்டு, "பிசைஞ்சுட்டு இருங்கக்கா, தொழுதுட்டு வந்துடறேன்" என்று பள்ளிவாசலுக்குப் போனார். உப்புப் போட்டாயிற்று என்று சொல்லவில்லை. உப்புக்காரி சும்மா இருப்பாளா? முந்தானையில் முடிந்து வந்திருந்த உப்பள உப்பை, நுணுக்கி, கை நிறைய இரண்டு தரம் போட்டாள்.

திரும்பி வந்த பாய் மாவைத் தட்டிப் பார்த்தார். "என்னக்கா, மாவு எழும்பவே இல்லியே?"

"செத்துப்போன லாசரையே எழுப்புனவரு இருக்காரு பாய். நீ அடுப்பைப் பாரு."

நேர்ச்சைப் பண்டத்தைப் படைக்கும் முன் யாரும் வாயில் வைக்கக் கூடாது. அவளும் வைக்கவில்லை, பாயும் வைக்கவில்லை.

பூசை முடிந்து மந்திரித்ததும் முதல் ரொட்டி ரெக்ஸ் ஃபாதருக்கு. கடித்தார். மென்றது பாதியில் நின்றது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எதிரே சந்தனமேரி, அவர் வாயையே பார்த்துக்கொண்டு. பக்கத்தில் லிடியா, தோளில் குழந்தையோடு. ஃபாதர் விழுங்கினார்.

"கடவுள் தர்ற ரொட்டி இது" என்றார், குரல் கரகரக்க. "இனிப்பா இருந்தாத்தான் வாங்குவேன்னு யாரும் சொல்லக் கூடாது. எட்டு வருஷம் காத்திருந்து கிடைச்ச புள்ளைக்கு நேர்ச்சை. ஒண்ணும் மிஞ்சக் கூடாது, என்ன?"

அடடா, என்ன பிரசங்கம் என்று சந்தனமேரி பூரித்துப்போனாள்.

வரிசை நகர்ந்தது. வாங்கினவர்கள் எல்லாம் கண் கலங்கினார்கள். லிடியா தேம்பினாள். இவ்வளவு பக்தியா இந்த ஊரில் என்று சந்தனமேரிக்கே ஆச்சரியம். கோயில் உபதேசியார் அமிர்தராஜ் மட்டும் ஒரு கடியோடு ரொட்டியைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டார்.

"உபதேசியாரே, பசி வயித்துக்கா, பாக்கெட்டுக்கா?"

அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தின்றார். வாசலில் வைத்திருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனைச் சுற்றி ஒரே கூட்டம். வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

வரிசை முடிந்தபோது கூடையில் பதினெட்டு ரொட்டி கிடந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. கூடையையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அமிர்தராஜ் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்து நின்றார். "இன்னொண்ணு குடும்மா." அவருக்குப் பின்னால் மெர்லின் டீச்சர். அப்புறம் மருமகன் சார்லஸ். அப்புறம் ஃபாதரே.

"என் கைப்பக்குவம் அப்படி!" சந்தனமேரிக்கு உயிர் வந்துவிட்டது. "அடிச்சுக்காதீங்க, வரிசையா வாங்க!"

கடைசி ஒன்று அவளுக்கு. நேர்ந்தவள்தான் முடித்து வைக்க வேண்டும். சிலுவை போட்டுக்கொண்டு, நிறைந்த மனசோடு பெரிதாக ஒரு கடி கடித்தாள்.

தாடை அப்படியே நின்றது.

உப்பளத்தில் பாத்தி நீர் தெறித்து வாயில் பட்டால்கூட இப்படிக் கரிக்காது. துப்ப முடியாது. தலையை நிமிர்த்தினாள். அத்தனை பேரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதையா தின்றார்கள்? இதையா இரண்டாம் தரம் வந்து கேட்டு வாங்கித் தின்றார்கள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கும் மேலே, ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழலாம் போல அன்பு பொங்கியது. அழுதுகொண்டே மென்றாள்; ஒரு துணுக்கு கீழே விழாமல் விழுங்கி முடித்தாள்.

"ஃபாதர்" என்றாள், வறண்ட நாக்கோடு. "கேன்ல தண்ணி இருக்குதா?"

"இல்லக்கா" என்றார் ரெக்ஸ் ஃபாதர். "எல்லாத்தையும் நாங்களே குடிச்சிட்டோம்."